ஐம்பது சத்தத்தில் எனக்கு நாலு போதும்: ஸூம் ஜி1எக்ஸ் ஃபோர், ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் போட் எஞ்சின் திருத்துவது என் தொழில். கிற்றார் சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் உரியது. மே தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள். அங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிப்போம். விடிந்தால் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வாசிக்க வேண்டும். வாடைக்காற்று தொடங்கி ஹோட்டல்கள் காய்ந்துபோகும் மாதங்களில் கல்யாணம், சாமத்திய வீடு, வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீட்டுப் பிறந்தநாள் என்று ஏதாவது வரும். இடத்துக்கு ஒரு சத்தம் வேண்டும். ஆனால் இருபது வருடமாக எல்லா இடத்துக்கும் ஒரே சத்தத்தைத்தான் காவிக்கொண்டு போனேன். சத்தத்தைப் பல கிற்றார் சேர்ந்து வாசிப்பதுபோலத் தடிப்பாக்கும் ஒரு பழைய கோரஸ் பெடல், சத்தத்தை உறுமவைக்கும் ஒரு டிஸ்டோர்ஷன் பெடல், இரண்டையும் இணைக்க நல்ல நாளிலேயே கரகரக்கும் ஒரு குட்டி வயர்.

அந்த வயர் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை உள்ளே வருகிற நேரம் பார்த்துச் செத்துப்போனது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான் ஒன்று வாங்க வேண்டும் என்று அன்றிரவு மோட்டார் சைக்கிளில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

வாங்கியது ஸூம் ஜி1எக்ஸ் ஃபோர், கிற்றார் சத்தத்தை மாற்றும் பல பெடல்களின் வேலையை ஒன்றாகச் செய்யும் பெட்டி. ஜப்பானில் டோக்கியோவைச் சேர்ந்த கம்பனி. சின்ன வயதில் இதே கம்பனியின் 505 என்ற பெட்டியை ஒரு அண்ணனின் கையில் பார்த்து ஏங்கியிருக்கிறேன். இரண்டே சுவிட்ச், ஒரு சிவப்பு இலக்கம். அப்போது அது எனக்கு விண்வெளிக் கப்பல். இப்போது வாங்கியது பழைய சாமான்தான். கொழும்பில் ஒரு பொடியன் கனடாவுக்குப் போகிற அவசரத்தில் விற்றான், 38,000 ரூபாய். காலையில் போய், வாசித்துப் பார்த்து, காசைக் கொடுத்து, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியும் இல்லை, அடப்டரும் இல்லை. அந்த அடப்டர் இல்லாத குறையில்தான் முதல் கூத்து நடந்தது.

மறுநாள் டவுனில் ஒரு கடையில் ஒன்பது வோல்ட் அடப்டர் கேட்டேன். “ஒன்பது வோல்ட் எல்லாம் ஒண்டுதான் அண்ணை” என்று ஒன்றை எடுத்துத் தந்தார் கடைக்காரர். நானும் தலையை ஆட்டி வாங்கிவந்தேன். செருகினால் வெளிச்சமே இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோய் மீட்டரை வைத்துப் பார்த்தால், முனையின் நடுவில் பொசிட்டிவ். இந்தப் பெட்டி கேட்பது நடுவில் நெகட்டிவ், 9 வோல்ட், 500 மில்லி அம்பியர். பெட்டியின் பின்னால் குட்டியாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை. பற்றரி வயரை மாற்றிப் பூட்டிக்கொண்டு வந்த எத்தனை மீனவரை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன்! நல்ல காலம், பெட்டி தப்பிவிட்டது. எல்லாப் பெட்டியும் தப்பாது. வீட்டு ரூட்டரின் அடப்டரும் கிட்டத்தட்ட இதேபோல்தான் இருக்கும், பெரும்பாலும் அது 12 வோல்ட், நடுவில் பொசிட்டிவ். முனை சரியாகப் போய் உட்காருகிறதே என்று அதைச் செருகிவிடாதீர்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

கிற்றாரின் வயர் ஒரு பக்கம் போகிறது. உள்ளே அந்தச் சத்தத்தை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து இலக்கமாக்கி, அந்த இலக்கங்களோடு கணக்குப் போட்டு, திரும்பச் சத்தமாக்கி மறுபக்கம் அனுப்புகிறது. சத்தத்தை ஒவ்வொரு விதமாக மாற்றும் எஃபெக்ட் எழுபதுக்கு மேல் இருக்கிறது, அதில் 13 அம்ப்ளிபயர் மாதிரிகள், அதாவது அம்ப்ளிபயரின் சத்தத்தைப் போலச் செய்பவை. ஒரே நேரத்தில் ஐந்தைச் சங்கிலிபோலக் கோர்க்கலாம். கோர்த்ததை 50 இடங்களில் சேமித்து வைக்கலாம், அந்த ஒவ்வொன்றையும் பேட்ச் என்பார்கள். தாளத்துக்கு 68 ரிதம், வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிட 30 செக்கன் லூப்பர், வலது பக்கத்தில் காலால் ஆட்டும் ஒரு பெடல். இந்த ஆட்டும் பெடல் இல்லாத, கொஞ்சம் மலிவான ஜி1 ஃபோர் என்ற தம்பியும் உண்டு. அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன், ஏன் என்று பிறகு வரும்.

முதல் ஒரு கிழமை நான் வேலைவெட்டி இல்லாதவன்போல இருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பேட்ச்சாகப் போய்ப் பார்ப்பேன். ஒன்றில் கிற்றார் தேவாலயம் அளவுக்கு விரியும், ஒன்றில் தண்ணீருக்குள் நீந்தும். மனைவிக்குக் கேட்பதெல்லாம் கம்பியின் டிக் டிக் சத்தம் மட்டும். “அதுக்குள்ள என்னதான் கேக்குது?” என்று ஒரு நாள் ஹெட்போனை வாங்கி வைத்துப் பார்த்தாள். “பேய்ப்படம் மாதிரி இருக்கு” என்றாள். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அந்தச் சொர்க்கத்தை உப்புவெளிக்குக் கொண்டுபோனேன்.

கடற்கரை மணலில் மேசைகள். இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ், ஒரு சின்ன மிக்ஸர். நான் வீட்டில் உருகி உருகிச் செய்த பேட்ச்சைப் போட்டு முதல் பாட்டைத் தொடங்கினேன். பாதிப் பாட்டில் ஓகன் வாசிக்கிற நண்பன் என் பக்கம் சாய்ந்தான். “மச்சான், நீ வாசிக்கிறியா இல்லையா?” நான் வொலியூமைக் கூட்டினேன். “இப்ப கேக்குது. ஆனா கிணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு.” அன்றிரவு முழுக்க எல்லா எஃபெக்ட்டையும் நிறுத்திவிட்டு வெறும் கிற்றாராகத்தான் வாசித்தேன். 38,000 ரூபாய்ப் பெட்டி சும்மா வெளிச்சம் காட்டிக்கொண்டு காலடியில் கிடந்தது.

பெட்டியில் பிழை இல்லை. பிழை, அமைத்த இடத்தில். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சத்தமும் உச்சச் சத்தமும் குறைவாகத்தான் கேட்கும். அதனால் ஹெட்போனில் இருந்து அமைக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் நம்மை அறியாமலே கூட்டுவோம், நடுவைக் குறைப்போம். தனியாகக் கேட்க அது இனிமையாக இருக்கும். மேடையில் பேஸ் கிற்றாரும் டிரம்ஸும் அடியைப் பிடித்திருக்கும், சிம்பலும் பாடகரின் மூச்சும் மேலே நிற்கும். கிற்றாருக்கு என்று மிச்சம் இருப்பதே அந்த நடுப்பகுதிதான். அதைத்தான் நான் என் கையாலேயே வெட்டி எறிந்திருந்தேன். அதற்கு மேல் மண்டபம் அளவு முழங்கும் ரிவேர்ப், அதற்கும் மேல் எதிரொலி போடும் டிலே. கிணறு என்றது சரிதான்.

அடுத்த கிழமை ஒரு வேலை செய்தேன். சவுண்ட்காரத் தம்பியிடம் ஒரு ஸ்பீக்கர் பொக்ஸை இரவல் வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். திருத்திய எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவில் பூட்டி ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். 15 குதிரைவலு எஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஸ்பீக்கரை மேடை அளவுக்குத் திறந்து, நின்றபடியே வாசித்து வாசித்துக் குமிழைத் திருகினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் எது தெரிகிறதோ அதை விட்டேன், எது அதற்குள் மூழ்குகிறதோ அதை வெட்டினேன். பேஸ் பாதியானது. நடு ஏறியது. ரிவேர்ப் கால்வாசிக்கு வந்தது. ஹெட்போனில் கேட்டால் அந்தச் சத்தம் இப்போது தகரம் மாதிரி இருக்கும். ஆனால் உப்புவெளியில் கடலுக்கும் மனிதர் கதைக்கிற சத்தத்துக்கும் நடுவே ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கேட்கிறது. பட்டறைக்கு முன்னால் கூட்டம் கூடியதும், எஞ்சினுக்குப் பாட்டுப் போட்டால் நன்றாக ஓடுமா என்று ஒருவர் கேட்டதும் தனிக்கதை.

ஸ்பீக்கர் கபினெட் விஷயத்தையும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கிற்றார் அம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் இயல்பாகவே உச்சச் சத்தத்தை விழுங்கிவிடும், 5 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் தராது. மிக்ஸர் வழியாகப் போகும் பெரிய ஸ்பீக்கரோ எல்லாவற்றையும் அப்படியே துப்பும். அதனால் மிக்ஸருக்குக் கொடுக்கும்போது, அந்தக் கிற்றார் ஸ்பீக்கரைப் போலச் செய்யும் கபினெட் மாதிரி என்ற எஃபெக்ட் சங்கிலியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்டோர்ஷன் தேனீக் கூட்டம்போல இரையும். நேரே கிற்றார் அம்ப்ளிபயருக்குக் கொடுக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கம்பளியைப் போர்த்தியது போல இருக்கும். இரண்டையும் நான் மேடையில் வைத்தே அனுபவித்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இரண்டு பிரதி, ஒன்று மிக்ஸருக்கு, ஒன்று அம்ப்ளிபயருக்கு.

ஐந்து எஃபெக்ட் என்பது கேட்க நிறையத்தான். ஆனால் அம்ப்ளிபயர் மாதிரியும் கபினெட் மாதிரியும் அந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டும். பிறகு கையில் மிஞ்சுவது கொஞ்சம். பாரமான எஃபெக்ட்களை அடுத்தடுத்துப் போட்டால் ‘ப்ராசஸ் ஓவர்ஃப்ளோ’ என்று திரையில் காட்டும், தன்னால் கணக்குப் போட முடியவில்லை என்று அர்த்தம். சொல்லப்போனால் இந்தக் கஞ்சத்தனம் எனக்கு உதவியாகவே இருந்தது.

என் நாலு பேட்ச்சும் இவைதான்.

முதலாவது எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளுக்கு. அந்தக் காலத்துப் பாட்டுகளில் கோர்டைக் கொத்தாக அடிக்காமல், நரம்பு நரம்பாகப் பிரித்து மணி மணியாக வாசிப்பார்கள் அல்லவா, அதற்கு. கம்ப்ரசர், சுத்தமான அம்ப்ளிபயர், கபினெட், கோரஸ், ஒரு துளி ரிவேர்ப். ஐந்து இடமும் முடிந்தது. கம்ப்ரசர்தான் இதில் உயிர். மெதுவாகத் தொட்ட நரம்பையும் பலமாகத் தொட்ட நரம்பையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும். கோரஸின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் சுருதி ஆடும், பாடுகிறவர் திரும்பி முறைப்பார்.

இரண்டாவது பைலா என்கிற ஆட்டப் பாட்டுகளுக்கு. இதில் ஒன்றுமே இல்லை. அம்ப்ளிபயர், கபினெட், அவ்வளவுதான். பைலாவுக்கு ரிவேர்ப் போட்டால் ஆடுகிறவனுக்குக் கால் தடுக்கும். அடி விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது தனியாக ஓங்கி வாசிக்கும் இடங்களுக்கு. ஓவர்டிரைவ் என்ற மென்மையான டிஸ்டோர்ஷன், அம்ப்ளிபயர், கபினெட், டிலே. இதன் வொலியூமை மற்ற பேட்ச்சுகளைவிடச் சற்றுக் கூட்டியே சேமித்திருக்கிறேன், காலால் மிதித்தவுடன் கூட்டத்திலிருந்து ஒரு படி முன்னால் வர வேண்டும் என்பதற்காக. டிலேயின் நேரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் பிரித்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி செக்கன் என்று வரும். நிமிடத்துக்கு 100 அடி என்றால் 600. அதில் முக்கால்வாசி, 450-இல் வைத்தால் எதிரொலி அடிகளுக்கு இடையில் விழுந்து, ஒருவர் வாசிப்பது இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். திரும்பி வருவது ஒரு தடவை போதும். மூன்று நாலு தடவை வந்தால் பழைய கிணறுதான்.

நாலாவது கோயிலுக்கு. ஆட்டும் பெடல் உள்ள பெட்டியையே வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பெடலை வொலியூமுக்குக் கொடுத்திருக்கிறேன். குதியால் பின்னுக்கு அழுத்தி வைத்துக்கொண்டு நரம்பைத் தொட வேண்டும். தொட்ட டிக் சத்தம் வெளியே போகாது. பிறகு பாதத்தை மெல்ல முன்னுக்குச் சாய்த்தால், சத்தம் எங்கிருந்தோ எழும்பி வருவதுபோல வரும், வில் போட்டது மாதிரி. சங்கிலியில் இந்த வொலியூம் டிலேக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால், பெடலைப் பின்னுக்கு எடுத்ததும் எதிரொலியும் கூடவே வெட்டுப்படும். முன்னால் வைத்தால் நரம்பு அடங்கிய பிறகும் அதன் வால் மெல்லக் கரைந்து போகும். முதல் ஞாயிறு நற்கருணை நேரத்தில் இப்படி வாசித்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது பாடற்குழுவின் மூத்த அம்மா ஒருவர், “ஆர் தம்பி இண்டைக்கு வயலின் வாசிச்சது?” என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில் இந்தப் பெட்டிக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

கோயிலில் ரிவேர்ப் மட்டும் கிடையாது. உயர்ந்த கூரை, சுவர், வெறும் சீமெந்துத் தரை. கட்டடமே தேவையான அளவுக்கு ரிவேர்ப் போட்டுத் தருகிறது. அதற்கு மேல் நாங்களும் போட்டால் வசனம் விளங்காது, சுவாமி பிரசங்கத்திலேயே சொல்லிக் காட்டுவார்.

அடுத்தது இரைச்சல். இதைப்பற்றித்தான் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். “பெட்டி உம்ம்ம் எண்டு இரையுது, பழுதோ?” பெரும்பாலும் பழுது இல்லை. பற்றரியில் ஓடும் பெட்டி என்பதால் கண்டுபிடிக்கவும் எளிது. அடப்டரைக் கழற்றிப் பற்றரியில் போடுங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் அடப்டரிலோ அந்தப் பிளக்கிலோ. நிற்கவில்லையென்றால் கிற்றாரைப் பிடித்தபடியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி ஒரு திசையில் குறைந்தால் கிற்றாரின் பிக்கப், அதாவது நரம்பின் அசைவைப் பிடிக்கும் காந்தச் சுருள், பக்கத்திலிருக்கும் மின்சாரத்தையும் பிடிக்கிறது, நம்முடைய 50 ஹேர்ட்ஸ் கரண்ட்டின் இரைச்சல்தான் அது. ஒரு கல்யாண மண்டபத்தில் என் தலைக்கு மேலேயே கலர் பல்ப் சோடனை. பற்றரியில் போட்டும் இரைச்சல் நிற்கவில்லை. சரி என்று முகத்தைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பினேன், அப்படியே அடங்கியது. அன்று முழுக்க மணமக்களுக்கு முதுகைக் காட்டி, பிரியாணிச் சட்டியைப் பார்த்தபடியே வாசித்தேன். இரைச்சலை மறைக்க இசட்என்ஆர் என்று ஒரு எஃபெக்ட் பெட்டிக்குள் இருக்கிறது. நல்ல சாமான், ஆனால் ஐந்தில் ஒரு இடத்தை எடுக்கும், அளவுக்கு மீறிக் கூட்டினால் நரம்பின் கடைசிச் சத்தத்தையும் சேர்த்து விழுங்கும். கோயில் பேட்ச்சில் அதை நான் சேர்ப்பதே இல்லை.

பற்றரி என்றதும் சொல்ல வேண்டும். நாலு டபுள் ஏ பற்றரி, திரை வெளிச்சத்தை அணைத்து அல்கலைன் போட்டால் 18 மணித்தியாலம் என்று கம்பனிக் கணக்கு. நான் அந்த எல்லைவரை விடுவதில்லை, ஐந்தாவது நிகழ்ச்சிக்கு முன்னால் மாற்றிவிடுவேன். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்டில் இருப்பவனுக்குப் பற்றரி பெரிய ஆறுதல். பின்னேரங்களில் டச்சு பே கடற்கரையில் உட்கார்ந்து ஹெட்போனில் பழகுவேன். ஒரு நாள் டவுனுக்குள் திரியும் மான்களில் ஒன்று பின்னால் வந்து நின்று, கிற்றார்ப் பையின் பட்டியைச் சப்பத் தொடங்கிவிட்டது. காதை மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. பட்டியில் பல் அடையாளம் இன்னும் இருக்கிறது.

இன்னொரு கதை. ஒரு பிறந்தநாள் வீட்டில் இடைவேளையில் சோடா குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை, பேட்ச்சை மாற்றிவிட்டுத் திரும்பி வந்தால் பழையபடி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திருகியதை அந்தக் கணமே தானாகச் சேமிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. பட்டறையில் ஒரு நாள் முழுக்க மினக்கெட்டுச் செய்த முதலாவது பேட்ச், பிள்ளையின் கைவண்ணத்தில் தவளைச் சத்தமாகியிருந்தது. இப்போது மெனுவில் தானாகச் சேமிப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் பழகுகிறவருக்கு அது வசதி, மேடையில் வாசிக்கிறவருக்கு ஆபத்து.

பேட்ச் அழிந்தாலும் திரும்ப எடுக்க மகள்தான் வழி காட்டினாள். கிற்றார் லாப் என்று கம்பனியே இலவசமாகத் தரும் மென்பொருள் இருக்கிறது. லப்டொப்பில் போட்டு, யூஎஸ்பி வயரால் இணைத்தால் பேட்ச்சுகளை அங்கே பிரதி எடுத்து வைக்கலாம், பெரிய திரையில் அமைக்கலாம், புது எஃபெக்ட் இறக்கலாம். என்னைப்போல வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்தப் பெரிய திரை வரப்பிரசாதம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அந்த யூஎஸ்பி வயர் வழியாகக் கிற்றாரை லப்டொப்பில் பதிவு செய்ய முடியாது, அதற்கு வேறு சாமான் வேண்டும். பதிவுதான் உங்கள் தேவை என்றால் இது உங்களுக்கான பெட்டி அல்ல.

லூப்பர் 30 செக்கன்தான். வேகம் 100 என்றால் நாலடித் தாளத்தில் ஒரு சுற்றுக்கு 2.4 செக்கன், 12 சுற்று 28.8 செக்கனில் முடியும். பழகுவதற்குத் தாராளம். பாட்டு 80-க்கு இறங்கினால் 10 சுற்றோடு நேரம் தீர்ந்துவிடும். ரிதம்களைத் தனியாகப் பழகும்போது மட்டும் போடுகிறேன். பைலாவுக்கு எங்கள் டிரம்மர் தம்பி கொடுக்கிற அந்தச் சாய்வை எந்தப் பெட்டியிலும் நான் இதுவரை கேட்கவில்லை.

கடற்கரையில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு எஞ்சின்காரனின் யோசனை. உப்புக்காற்று எதையும் விடாது. சீசன் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள், உள்ளே விட்டால் தகடு பச்சை பிடிக்கும். வயர் செருகும் துளைகளுக்கு மாதம் ஒரு தடவை எலெக்ட்ரிக் கொண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். போல்ட் நட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே கூடாது, அது மணலைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். ஆட்டும் பெடலின் அடியில் மணல் இறுகினால் பெயின்ட் பிரஷ்தான் மருந்து. நான் மேடையில் பெட்டியை மணலில் வைப்பதில்லை. ஹோட்டல்காரரிடம் கேட்டு வாங்கிய பழைய ட்ரே ஒன்றில்தான் அது உட்காரும்.

ஒரு பெடலும் இல்லாமல் தொடங்குகிற பொடியனுக்கு, கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிக்கிற என்னைப்போன்றவனுக்கு, இந்தக் காசுக்கு நான் இதையே சொல்வேன். ஏற்கெனவே நல்ல நாலு பெடல் வைத்து, அதன் சத்தத்தில் வாழ்கிறவர் தேட வேண்டியதில்லை. மேடையில் ஒரு பாட்டுக்குள்ளேயே ஐந்தாறு தடவை எஃபெக்ட்டை மாற்றுகிறவருக்கும் இதன் இரண்டு கால்சுவிட்ச் காணாது, கூடுதல் சுவிட்ச் உள்ள பெரிய பெட்டிக்குப் போங்கள். பழையதாக வாங்கினால், ஆட்டும் பெடலை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துச் சத்தம் படிப்படியாக ஏறுகிறதா, இடையில் துள்ளுகிறதா என்று பாருங்கள். வயரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். அப்புறம் காசைக் கொடுங்கள்.

சரியான அடப்டரை இரண்டாவது தடவை வேறு கடையில், மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அளந்துதான் வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதுவும், நாலு மேலதிகப் பற்றரியும், ஒரு மாற்று வயரும் இப்போது ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மூடியில் சிவப்பு டேப் ஒட்டி, அதன் மேல் மகள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: “அப்பா, நடுவில் நெகட்டிவ்.”